பிரிந்தவரும் இருந்தவரும்

பிரிவைப் பொருளாகக் கொண்டு பெரும்பாடல் பாடிய மொழி தமிழ். ஐந்திணையுள் பாலைக்குப் பிரிவையே உரிப்பொருளாக வைத்தனர் நம் முன்னோர். கல்வியின்பொருட்டும், தூதின்பொருட்டும், பொருளின்பொருட்டும் ஆடவர் ஊர்விட்டு நீங்குதலைத் தொல்காப்பியர் வகுத்துரைத்தார். சுரம் கடந்து செல்லும் தலைவனையும், வாயிலில் நின்று நாளெண்ணும் தலைவியையும் சங்கச் சான்றோர் பாடிப் பாடி நம் நெஞ்சில் நிலைநிறுத்தினர்.

ஆனால் அத்தலைவனுக்கு ஊரில் ஒரு நண்பன் இருந்திருப்பான் அல்லவா? ஒரே குளத்தில் நீந்தி, ஒரே திண்ணையில் உறங்கி, ஒரே வாத்தியாரிடம் அடிவாங்கி வளர்ந்த அந்த நண்பன் தலைவன் போனபின் என்ன செய்தான்? அவனுடைய மாலைப்பொழுது எவ்வாறு கழிந்தது? உயிரோடு பிரிந்த நண்பனை நினைந்து மற்றொரு நண்பன் ஏங்கும் ஏக்கத்துக்கு அகத்திணையில் தனியிடம் தரப்படவில்லை.

பம்பாய்த் தமிழரின் நூற்றாண்டைக் கடந்த வரலாற்றை நாம் எழுதும்போதும் இக்குறை தொடர்கின்றது. கோயில் எழுந்த ஆண்டு, பள்ளி தொடங்கிய ஆண்டு, சங்கத் தலைவர்களின் வரிசை ஆகியவற்றையெல்லாம் மலர்கள்தோறும் பதிவு செய்து வந்துள்ளோம். ஆயினும் இந்நகருக்கு வந்த ஒவ்வோர் இளைஞனும் ஊரில் ஒரு நண்பனை விட்டுவிட்டே வந்தான். பின்னர் அவன் மக்கள் இந்நகரை விட்டு வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றபோது, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தத்தம் நண்பர்களை விட்டுச் சென்றனர். போதல் ஒருவனுடைய முடிவு. அதன் விளைவோ இருவருக்கும் உரியது. அவ்விருவரையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோழனுக்கு இரு நண்பர்கள்

நட்புக்கு எடுத்துக்காட்டுக் கூறும்போது நாம் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் கூறுவோம். பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரினர் ஆந்தையார். உறையூர் வேந்தன் சோழன். ஒருவரை ஒருவர் காணாமலே நட்புப் பூண்டனர். மக்களோடு நேர்ந்த பகையால் மனம் நொந்து சோழன் வடக்கிருந்தபோது, ஆந்தையார் வருவார், அவருக்கும் ஓர் இடம் ஒதுக்குக என்றான். அவரும் வந்தார். தொலைவு நட்பை அழிப்பதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அதே சோழனுக்குப் பொத்தியார் என்றொரு நண்பரும் இருந்தார் என்பதை நாம் அத்துணை நினைப்பதில்லை. அருகிலேயே இருந்து பழகிய புலவர் அவர். அவரும் உடன் வடக்கிருக்க விழைந்தார். அவர் மனைவி கருவுற்றிருந்தமையால், மகன் பிறந்தபின் வருக என்று சோழன் அவரைத் திருப்பியனுப்பினான். பொத்தியார் வீடு திரும்பினார். கடமை முடிந்த பின்னரே வந்து, நடுகல்லாகிவிட்ட நண்பனிடம் தமக்குரிய இடத்தைக் கேட்டார். ஒருவர் தொலைவிலிருந்து வந்த நண்பர். மற்றவர் குடும்பத்தின்பொருட்டு இருக்கவேண்டியவரான நண்பர். இருவருள் எவர் நட்பும் குறைந்ததன்று. போனவரையும் இருந்தவரையும் எடைபோடத் துணியும் போதெல்லாம் இவ்விருவரையும் ஒருங்கே நினைத்தல் நமக்கு நலம் தரும்.

இருப்புப்பாதை வகுத்த வழி

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் இரயில் ஓடியது. 1871இல் பம்பாயிலிருந்து தென்கிழக்கு நோக்கி வந்த பாதையும் சென்னையிலிருந்து வடமேற்கு நோக்கிச் சென்ற பாதையும் இராய்ச்சூரில் இணைந்தன. 1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தெற்குச் சீமைக்கு இரயில் வந்த அந்த ஆண்டிலேதான் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சமும் பற்றியது. 1878 வரை அது நீடித்தது. ஊரில் இருக்க இயலாமை ஒருபுறம், ஊரைவிட்டுப் போக வழியுண்டாதல் மறுபுறம் என இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நேர்ந்தன.

திருநெல்வேலிச் சீமையினருக்கு இலங்கைத் தோட்டங்களும் தூத்துக்குடித் துறைமுகமும் முன்னரே பழக்கமான திசைகள். பம்பாய் அதற்குப்பின் சேர்ந்த திசை. தோல் பதனிடும் தொழில் நகரின் நடுவிலிருந்து ஒதுக்கப்பட்டு, கோலி மீனவர் வாழ்ந்த தாராவிச் சதுப்பு நிலத்துக்கு வந்தபோது, தென்னாட்டு முஸ்லிம் தோல் வணிகர்களும் அவர்களோடு தோல் தொழிலறிந்த உழைப்பாளிகளும் அங்குக் குடியேறினர். தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887ஆம் ஆண்டினது. பழைய பிள்ளையார் கோயில் 1913ஆம் ஆண்டினது. மண் கொட்டி மேடாக்கி, மேடாக்கிய மண்ணில் குடிசை வேய்ந்து, நகரம் வேண்டாமென விட்ட நிலத்தை மக்கள் வாழும் ஊராக்கினர் அவர்கள்.

இவ்வாறு வந்தோர் பெரும்பாலும் தனியாக வந்த இளைஞர்கள். கடல் கடக்கும் பயணத்தில் மகளிரை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் கூறும். நிலவழிப் பயணமேயாயினும் பம்பாய் வந்தவர்களும் அவ்வழக்கத்தையே பின்பற்றினர் எனலாம். ஊரிலிருந்து ஒருவன் முதலில் வருவான். இடம் பிடித்து, வேலை பிடித்து, ஓராண்டோ ஈராண்டோ கழிந்தபின் கடிதம் எழுதுவான். அக்கடிதம் பெற்றோருக்கு எழுதியதாயினும் அதன் இறுதியில் நண்பனுக்கும் ஒரு செய்தி இருக்கும்: வருவதானால் வா, படுக்க இடம் உண்டு என்பதே அது. இவ்வாறு நட்பே வழிகாட்டியாகி, ஒரு தெருவின் இளைஞர் பலரை ஒரே சந்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. தாராவியின் சந்துகளில் ஊர்வாரியாகவும் உறவுவாரியாகவும் குடும்பங்கள் அமைந்தமைக்கு இதுவே காரணம்.

எனினும் அக்கடிதத்துக்கு எல்லாரும் வரவில்லை. வயதான தாயை உடையவன், நிலத்தில் பங்குள்ளவன், அக்காளின் திருமணத்தை முடிக்க வேண்டியவன், அல்லது ஊரை விட்டு ஓரடியும் வைக்க விரும்பாதவன் என ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம். போனவனை ஏன் போனாய் என்று ஊர் கேட்டது. இருந்தவனை ஏன் இருந்தாய் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கப்படாத காரணங்கள் வரலாற்றில் ஏறுவதும் இல்லை.

தாராவியும் மாட்டுங்காவும்

ஊரைவிட்டு நீங்குதல் எல்லார்க்கும் ஒரே பொருளுடையதன்று என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். ஊர்ப்பொதுக் கிணறும், கோயில் தெருவும், காலில் செருப்பும் மறுக்கப்பட்ட ஒருவன் தன் ஊரை விட்டு நீங்கினால், அவன் விட்டுச்சென்றது எதனை? மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்து வழிபட்டது 1939ஆம் ஆண்டிலேயாம். அதற்கு 26 ஆண்டுகள் முன்னரே தாராவியில் உழைப்பாளித் தமிழர் வணங்கப் பிள்ளையார் கோயில் இருந்தது. தோல் ஊறும் தொட்டியின் நாற்றமும் மழைக்காலச் சேறும் கொடியவையே. ஆயினும் அங்கே தலைநிமிர்ந்து நடக்கலாம் என்னும் ஒன்றுக்காகவே வந்தவர் பலர். அவர்களுக்குப் போதல் ஓர் இழப்பு மட்டுமன்று. அது ஒரு விடுதலையும் ஆகும். அதே ஊரில் அவர்கள் விட்டுவந்த நண்பனோ அவ்விடுதலையின்றி இருந்தான். ஆண்டுக்கொருமுறை ஊர் திரும்பிய போது சலவைச் சட்டையும் கைக்கடிகாரமும் அணிந்து வந்த தோழனை அவன் எந்த நெஞ்சோடு வரவேற்றிருப்பான் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மாட்டுங்காவின் வரலாறு வேறு. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபின், நெரிசலைக் குறைக்கும் பொருட்டு 1898இல் நகர மேம்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகன்ற சாலைகளும் மரநிழலும் கொண்ட குடியிருப்புகளை அது திட்டமிட்டது. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுவந்த இளைஞர்கள் அங்கே அறை எடுத்துத் தங்கினர். 1932இல் மா. வே. வேங்கடேசுவரன் தென்னிந்தியக் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1952இல் சண்முகானந்த சபை உருவாயிற்று; 1963இல் அதன் பேரரங்கம் எழுந்தது. ஓர் அறைக்கு நால்வர், ஐவர் எனத் தங்கி, மெஸ்ஸில் உண்டு, மாதந்தோறும் ஊருக்கு மணியார்டர் அனுப்பிய அவ்விளைஞர்களின் நட்பு ஊர் நட்பினும் நெருக்கமானது. ஊரில் நண்பனுக்கு வீடு வேறு. இங்கோ நண்பனே வீடாக இருந்தான்.

தாராவி, மேற்கு இரயில் பாதைக்கும் மத்திய இரயில் பாதைக்கும் இடையே கிடக்கும் நிலம். மத்தியப் பாதையைக் கடந்தால் மாட்டுங்கா. இரண்டிலும் தமிழ் ஒலித்தது. இரண்டிலும் பொங்கல் பொங்கியது. ஒரே மாவட்டத்தினர் இரண்டிலும் வாழ்ந்தனர். ஆயினும் இருப்புப்பாதைக்கு இப்புறத்து இளைஞனும் அப்புறத்து இளைஞனும் நண்பராயினர் என்று கூறத்தக்க செய்திகள் மிகச் சிலவே. ஆயிரம் கல் தொலைவை நட்பு கடந்தது. அந்த இரண்டு தண்டவாளங்களைக் கடக்கத் தயங்கியது. நம் வரலாற்றில் மறைத்தற்கரிய உண்மை இது.

இந்த அறைவாழ்வையும் வேலை தேடியலைதலையும் தமிழ்ப் புதினம் பதிவு செய்துள்ளது. குமரி மாவட்டத்திலிருந்து 1972இல் பிழைப்புக்காகப் பம்பாய் வந்த நாஞ்சில் நாடன், படித்தும் வேலையின்றி இந்நகருக்கு வரும் இளைஞனின் கதையை ‘மிதவை’ என்னும் புதினமாக 1986இல் தந்தார். ஊரிலும் வேர்கொள்ளாமல் நகரிலும் கரைசேராமல் மிதக்கும் நிலையை அத்தலைப்பே உணர்த்தும்.

1966ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் சிவசேனை தோன்றியது. அலுவலக வேலைகளில் தென்னிந்தியர் மிகுந்திருக்கின்றனர் என்னும் முறையீடு அதன் தொடக்ககாலப் பரப்புரையின் மையமாக இருந்தது. உணவு விடுதிகளும் கடைகளும் தாக்கப்பட்ட நாட்கள் வந்தன. அந்நாட்களில் பம்பாய்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வினா எழுந்தது: இருப்பதா, திரும்புவதா? குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் தங்கியவர் உண்டு. முற்றிலும் திரும்பியவரும் உண்டு. இம்மண்ணே எம் மண் என்று ஊன்றி நின்றவர் பலர். அக்காலத்தில் மராத்தி நண்பன் ஒருவன் தமிழ் நண்பனின் வீட்டு வாயிலில் வந்து நின்ற செய்திகளையும் நம் மூத்தோர் சொல்லக் கேட்டுள்ளோம். அரசியல் பிரித்த இடத்தில் ஒரே படிக்கட்டில் வளர்ந்த பழக்கம் இணைத்துவைத்தது என்பதையும் மறவாமல் எழுதுதல் நம் கடன்.

செம்பூரிலிருந்து கடல் கடந்து

மூன்றாவது களம் செம்பூர். 1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் அமைந்தது. 1954, 1955 ஆண்டுகளில் அடுத்தடுத்து இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அங்கே இயங்கத் தொடங்கின. மாட்டுங்காவில் இடம் நெருக்கியபோது தமிழ்க் குடும்பங்கள் செம்பூருக்கு நகர்ந்தன. பொறியாளரும், எழுத்தரும், ஆலைத் தொழிலாளரும் அருகருகே வாழ்ந்த அவ்விடத்தில் அடுத்த தலைமுறை இளைஞர் ஒரே மைதானத்தில் மட்டைப்பந்து ஆடி வளர்ந்தனர்.

அவ்விளைஞரைப் பிரித்தவை இரண்டு செய்திகள். முதலாவது, 1965ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா நிறைவேற்றிய குடியேற்றச் சட்டம். நாடுவாரியாகப் பங்கு வைத்து ஆசியரைத் தடுத்துவந்த பழைய முறையை அது நீக்கியது. தொழிற்கல்வி பெற்றோர்க்குக் கதவு திறந்தது. பவாயில் 1958இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் நகரின் பிற கல்லூரிகளும் பயிற்றிய இளைஞருள் பலர் அக்கதவின் வழியே நடந்தனர். இரண்டாவது, 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம். வளைகுடா நாடுகள் செல்வத்தில் திளைத்து ஆள் தேடின. டிராம்பேயின் ஆலைகளில் கைப்பழக்கம் பெற்ற பிட்டர்களும் வெல்டர்களும், தாராவியின் தையற்காரரும் கொத்தனாரும் அங்குச் சென்றனர். பம்பாய் அப்போது வளைகுடாவின் வாயிலாயிற்று. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் விமானம் ஏற வந்தோர் நம் வீடுகளின் தாழ்வாரங்களில் வாரக்கணக்கில் காத்திருந்தனர்.

இவ்வாறு போவதிலும் வேற்றுமை உண்டு. பட்டம் பெற்றவன் விமானம் ஏறினால் அவன் மேற்படிப்புக்குச் செல்பவன். அவனுக்கு மாலை விழுந்தது. படிப்புக் குறைந்தவனோ 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அரசின் தனி அனுமதி பெற்ற பின்னரே போகலாம். ஏமாற்றும் தரகரிடமிருந்து ஏழையைக் காக்க எழுந்த விதிதான் அது. ஆயினும் ஒரே மைதானத்தில் ஆடிய இரு நண்பருள் ஒருவனுக்குக் கடவுச்சீட்டு நேரே திறந்தது. மற்றவன் வரிசையில் நின்றான். இருவருக்கும் இடையே கடல் வருமுன் ஒரு முத்திரை வந்துவிட்டது.

போனவர்களிடமிருந்து முதலில் வாரந்தோறும் கடிதம் வந்தது, பின்னர் மாதந்தோறும், அதன்பின் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அட்டை. டிரங்க் கால் பேச மணிக்கணக்கில் காத்திருந்து, இணைப்புக் கிடைத்ததும் நலம் கேட்டு முடிப்பதற்குள் மூன்று நிமிடம் கழிந்துபோன காலம் அது. பெற்றோருக்குப் பேசியபின் நண்பனுக்குப் பேச நேரம் எஞ்சவில்லை.

அயர்லாந்தில் ஓர் இரவு

இத்துயரம் நமக்கு மட்டும் உரியதன்று. மேற்கே அயர்லாந்து என்னும் சிறு தீவு உண்டு. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் பெரும்பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அத்துணைப் பேரே நாடு நீங்கினர். பஞ்சம் நீங்கிய பின்னும் போக்கு நிற்கவில்லை. 1911இல் தீவின் மக்கள்தொகை 44 இலட்சமாகச் சுருங்கியிருந்தது.

அங்கே ஒரு வழக்கம் நிலவியது. இளைஞன் ஒருவன் அமெரிக்காவுக்குப் புறப்படுமுன் அவன் வீட்டில் ஊரார் கூடி இரவு முழுதும் விழித்திருப்பர். பாட்டும் ஆட்டமும் நடக்கும். இடையிடையே அழுகையும் எழும். இறந்தவர் உடலைச் சுற்றி அமர்ந்து விழித்திருக்கும் தம் வழக்கத்தின் பெயரையே அதற்கும் இட்டு, ‘அமெரிக்க விழிப்பு’ என்றனர். போகிறவன் திரும்பான் என்பதை அறிந்தே அவ்வாறு பெயரிட்டனர். விடியலில் நண்பர்கள் ஊரெல்லை வரை உடன் நடந்து சென்று நின்றுகொள்வர்.

நூறாண்டுகள் கழிந்து 1980களில் அதே நாட்டில் மீண்டும் வேலையின்மை பெருகிற்று. 1989 ஏப்ரலுடன் முடிந்த ஓராண்டில், 35 இலட்சம் மக்களே கொண்ட அயர்லாந்துக் குடியரசு குடிபெயர்வால் நிகரமாக ஏறத்தாழ 44,000 பேரை இழந்தது. இம்முறை சென்றவருள் பட்டதாரிகள் பலர். பள்ளி வகுப்பொன்றில் ஒன்றாக அமர்ந்தவர்கள் இலண்டனிலும் பாசுடனிலும் நியூயார்க்கிலுமாகச் சிதறினர். எல்லாரும் ஒரு சிறு தீவிலேயே வாழ்ந்துவிட முடியாது என்னும் பொருள்பட அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் பிரையன் லெனிகன் 1987இல் கூறியபோது மக்கள் சினந்தனர். வேலை தர இயலாத அரசு, இளைஞர் போவதை அவர்களுடைய விருப்பமாகக் காட்டுகின்றதே என்பது அவர்கள் சினத்தின் காரணம்.

அழுகைக் கோச்சி

விருப்பமென்னும் சொல்லுக்கே இடமில்லாத பிரிவும் நம்மவர்க்கு நேர்ந்தது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா – சாத்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவதென விட்டனர்.

லயத்து வரிசையில் அடுத்தடுத்த அறைகளில் பிறந்து, ஒன்றாகக் கொழுந்து பறித்து வளர்ந்த தோழியருள் ஒருத்தியின் குடும்பம் இந்தியப் பட்டியலிலும் மற்றவளின் குடும்பம் இலங்கைப் பட்டியலிலும் அமைந்தன. தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட இரயிலை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். நிலையத்தில் நின்றவரும் அழுதனர், ஏறியவரும் அழுதனர். அயர்லாந்தார் தம் இரவுக்கு இட்ட பெயரையும் மலையகத் தமிழர் தம் இரயிலுக்கு இட்ட பெயரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றை மற்றொன்று அறியாமலே இரு மக்களும் ஒரே துயரத்துக்குப் பெயர் தேடினர் என்பது புலனாகும்.

விருப்பம் என்பது யாது?

போதல் விருப்பமா, கட்டாயமா என்னும் வினாவுக்கு மேற்கூறிய வரலாறு ஒற்றை விடை தரவில்லை. மலையகத் தோழியர்க்குத் தேர்வு இல்லை. பஞ்சத்தில் நீங்கிய திருநெல்வேலியார்க்கும் அயர்லாந்தார்க்கும் இருந்த தேர்வு பட்டினிக்கும் பயணத்துக்கும் இடைப்பட்டது. சாதிக் கொடுமையிலிருந்து தாராவிக்கு வந்தவனுக்குப் போதலே மானம். பட்டம் பெற்றுக் கடல் கடந்த செம்பூர் இளைஞனுக்கோ இருந்து வாழவும் வழி இருந்தது. போய் உயரவும் வழி இருந்தது. அவன் ஒருவனே முழுமையாகத் தேர்ந்தான் எனலாம். ஆகவே அவனே தன் நண்பனுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன். வியப்பு யாதெனில், கட்டாயத்தால் பிரிந்தவர் அழுது விடைபெற்றனர். விரும்பிப் பிரிந்தவர் பெரும்பாலும் விடுமுறைக்கு வருகிறேன் என்று சொல்லி விடைபெறாமலே சென்றனர்.

இருந்தவனின் பங்கையும் கணக்கில் எழுதவேண்டும். கடல் கடந்தவனின் தந்தை நோயுற்றபோது சயான் மருத்துவமனைக்கு டாக்சி பிடித்தவன் எவன்? தாயின் ஓய்வூதியப் படிவத்தை நிரப்பியவன் எவன்? விமானம் கிடைத்து மகன் வந்துசேரும்வரை இறுதிச்சடங்குக்கு வேண்டியவற்றைச் செய்துவைத்தவன் எவன்? பம்பாயில் மட்டுமன்று, நாம் விட்டுவந்த ஊரிலும் நம் பெற்றோர்க்கு இவற்றையெல்லாம் ஒரு நண்பன் செய்தான். அனுப்பிய பணத்துக்கு இரசீது உண்டு. இவ்வுழைப்புக்கு இரசீது இல்லை.

மற்றொன்றும் உண்டு. நட்பு அறுவது பெரும்பாலும் தொலைவால் அன்று, நாணத்தால். போன இடத்தில் எண்ணியவாறு உயராதவன், உயரவில்லை என்று எழுத நாணி, எழுதுவதையே விட்டுவிடுகின்றான். உயர்ந்தவனுக்குப் பதில் எழுதினால் உதவி கேட்பதாக எண்ணுவானோ என நாணி, இருந்தவனும் வாளாவிருக்கின்றான். இருவரும் ஒருவரையொருவர் மறந்துவிட்டதாக இருவரும் எண்ணிக்கொள்கின்றனர்.

பழைமை பேணல்

திருவள்ளுவர் நட்பினை ஐந்து அதிகாரங்களில் ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று பழைமை. நெடுநாள் பழகிய நண்பர் உரிமையால் செய்வனவற்றைப் பொறுத்தலும் ஏற்றலும் அதன் பொருள். பல்லாண்டு எழுதாதிருந்த நண்பனுக்கு, காரணம் கேளாமல் மீண்டும் எழுதும் உரிமையும் அப்பழைமையின்பாற்பட்டதே. பிழை எவருடையது என்று தீர்ப்புக் கூறியபின் எழுதலாம் எனக் காத்திருப்போர் எழுதுவதே இல்லை.

1995இல் பம்பாய் மும்பையாயிற்று. கடிதத்தின் இடத்தைக் கைப்பேசி கைக்கொண்டது. முகம் பார்த்தே பேசும் வசதி இன்று எல்லார்க்கும் எளிதாயிற்று. ஆயினும் பிரிவு ஓயவில்லை. புனேக்கும் பெங்களூருக்கும் கனடாவுக்கும் ஆத்திரேலியாவுக்கும் நம் பிள்ளைகள் செல்கின்றனர். தாராவியிலோ ஊரை விட்டுப் போகாமலே பிரியும் நிலை நெருங்குகின்றது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலம் முடிந்து, 2023இல் பணி ஒப்படைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்ந்துவரும் குடும்பத்துக்குத் தாராவியிலேயே வீடு என்றும், மேல்தளத்தில் வாழ்வோர்க்கும் பின்வந்தோர்க்கும் வெளியே இடம் என்றும் விதி பிரிக்கின்றது. ஒரே ஏணியின் அடியிலும் முடியிலும் வளர்ந்த இரு சிறுவருள் ஒருவன் இருப்பான், ஒருவன் போவான். போகின்றவனிடம் விருப்பம் கேட்கப்பட்டதா என்னும் பழைய வினா மீண்டும் நம் வாயிலில் நிற்கின்றது. அதற்கு விடை தேடுவதில் நாம் ஒதுங்கியிருத்தல் ஆகாது. தண்டவாளத்துக்கு அப்புறம் நடப்பது நமக்கென்ன என்று முன்னொருகால் இருந்தது போதும்.

சங்க அன்பர்களிடமும் அவர்தம் குடும்பத்தினரிடமும் நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. மூத்தோர் உள்ள வீடுகளில் அவர்களை அமர்த்திக் கேளுங்கள்: நீங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் இரயிலடிக்கு வந்து நின்ற நண்பர் யார்? அவர் பெயர் என்ன? பின்னர் அவர் என்ன ஆனார்? இளையோர் உள்ள வீடுகளில் அவர்களிடம் கேளுங்கள்: நீ போனால் எவனை விட்டுப் போகின்றாய்? அவனிடம் சொன்னாயா? இவ்விரு வினாக்களின் விடைகளைக் குடும்பந்தோறும் ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். நம் வரலாற்றின் எழுதப்படாத பாதி அவற்றில் உள்ளது. உயிரோடிருக்கும் நண்பரின் முகவரி கிடைக்குமாயின், ஏட்டில் எழுதுமுன் அவருக்கே முதலில் எழுதுங்கள்.